மூச்சுக்கு எத்தனை பற்றரி?

வெருகல் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நிற்பவருக்கு உயரம் என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை. மணல், பற்றைக்காடு, அதற்கப்பால் வங்கக் கடல். மகாவலியின் கிளையொன்று ஓடிக் களைத்து வந்து முடியும் தரை அது. அந்த ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய் விமானம் ஏறுகிற ஒருவர், ஏறிய அரை மணித்தியாலத்துக்குள் கிட்டத்தட்ட பிதுருதலாகலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அது தெரிவதில்லை.

விமானம் 35,000 அடிக்கு மேலும் பறக்கிறது. அந்த உயரத்துக் காற்றில் மனிதர் சில நிமிடம்கூடத் தாங்கமாட்டார். அதனால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால் விமானத்தின் உடல் அதைத் தாங்கும் அளவுக்குத் தடிப்பாக, பாரமாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு சமரசம் செய்துகொண்டார்கள்: சாதாரணப் பறப்பில் பயணிகள் அறையின் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. 8,000 அடி என்பது 2,438 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். போயிங் 787, எயார்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடியளவில், அதாவது 1,829 மீற்றரளவில் நிற்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. பழைய விமானத்தில் பிதுருதலாகலை, புதியதில் நுவரெலியா என்று நினைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழச் சரி.

உயரத்திலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசன் குறைகிறது. 8,000 அடியில் மூச்சு விடுவது, கடல் மட்டத்தில் 15 சதவீத ஒட்சிசன் மட்டுமே உள்ள காற்றை இழுப்பதற்குச் சமம். 2005இல் 'அனஸ்தீசியா' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, 84 பயணிகளின் விரலில் ஒக்சிமீற்றர் மாட்டிப் பார்த்தது. தரையில் சராசரி 97 சதவீதமாக இருந்த இரத்த ஒட்சிசன் அளவு, மேலே 93க்கு இறங்கியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 94 அல்லது அதற்கும் கீழே. வைத்தியசாலை வாட்டில் ஒரு நோயாளிக்கு இந்த எண் வந்தால் தாதி ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். விமானத்தில் யாரும் எதையும் உணரவில்லை. நல்ல நுரையீரல் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும்.

தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். நீண்டகாலச் சுவாசத் தடை நோய் உள்ளவர்கள், நுரையீரல் நார்த்திசுவாக இறுகிப்போனவர்கள், காசநோய் ஆறிய பின்னும் தழும்போடு வாழ்பவர்கள், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியவர்கள். சுருட்டும் பீடியும் ஒரு தலைமுறையின் நுரையீரலைத் தின்றன என்றால், அடுக்களை விறகுப் புகை அந்த வீட்டுப் பெண்களின் நுரையீரலைத் தின்றது. அவர்களுக்குத் தரையிலேயே 90, 91 என்று நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் ஏறி இறங்கும் விதத்தில் ஒரு வில்லங்கம் உண்டு: மேலே இருக்கும்வரை மெல்ல இறங்கும், 90ஐத் தாண்டிவிட்டால் சறுக்கி விழும். அந்த விளிம்பில் நிற்பவரைப் பத்து மணித்தியாலம் மலையுச்சியில் வைத்தால் என்ன ஆகும் என்பதை வைத்தியர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

வெருகலுக்கு இது எங்கோ தொலைவில் உள்ள சங்கதி அல்ல. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இந்தப் பிரதேசத்திலும் ரொறன்ரோவில் ஒரு பிள்ளை, லண்டனில் ஒரு பிள்ளை என்று பிரிந்துபோன குடும்பங்கள் உண்டு. பேரப்பிள்ளையின் சடங்குக்கு அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். அங்கே முதுமையடைந்தவர்கள் ஒருமுறையாவது வெருகலம்பதி சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு வந்துபோக ஆசைப்படுகிறார்கள். "அப்பாவுக்கு ஒட்சிசன் மெசின் இருக்கு, அவரால ஏலாது" என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஏலும். ஆனால் தரையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டும். விமானத்தில் தலைக்கு மேலே மஞ்சள் முகமூடி இருக்கிறதே, அதை இழுத்துத் தந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பெரும்பாலான விமானங்களில் அந்த முகமூடிக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு இரசாயனக் குப்பி. ஒருமுறை பற்றவைத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்சிசன் தரும், பிறகு நிறுத்தவும் முடியாது, நீட்டவும் முடியாது. விமானம் பாதுகாப்பான உயரத்துக்கு இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வைத்த ஏற்பாடு அது. பணிப்பெண்களிடம் இருக்கும் சிறு சிலிண்டர்களோ மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்ய வைத்தவை. தொடர்ந்து ஒட்சிசன் தேவைப்படும் ஒருவர் அவற்றை நம்பி ஏறுவது அடுத்தவரின் உயிர்காப்பைக் கடன் வாங்குவதாகும்.

சரி, வீட்டில் இருக்கும் சிலிண்டரையே கொண்டுபோனால்? அங்கேதான் விமானத்துறையின் பழைய காயங்கள் குறுக்கே நிற்கின்றன. 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேலுஜெட் 592 விமானத்தின் சரக்கறையில், காலாவதியான ஒட்சிசன் உற்பத்திக் குப்பிகளைப் பெட்டியில் அடைத்து ஏற்றியிருந்தார்கள். அவை சூடேறித் தீப்பிடித்தன. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் வெறிகொண்டு எரிய வைக்கும். விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் இறந்தார்கள். 2008 யூலை 25 அன்று ஹொங்கொங்கிலிருந்து மெல்பேர்ன் போன குவான்டாஸ் ஜம்போ விமானத்தில், அவசரத்துக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று வெடித்து விமானத்தின் பக்கத்தில் ஓட்டை போட்டது. மணிலாவில் இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த 365 பேரில் ஒருவருக்கும் கீறல் இல்லை என்பது அதிசயம். இரண்டும் நோயாளியின் சிலிண்டரால் வந்தவை அல்ல. என்றாலும் அழுத்தி அடைத்த ஒட்சிசன் என்றாலே விமானக் கம்பனிகள் பின்வாங்குவதன் காரணம் விளங்கும்.

சர்வதேச விதி, மொத்த எடை ஐந்து கிலோவுக்கு மேற்படாத சிறு மருத்துவச் சிலிண்டரை விமானக் கம்பனியின் முன் அனுமதியோடு விடலாம் என்கிறது. ஆனால் அனுமதிப்பதா இல்லையா என்பது கம்பனியின் விருப்பம், பெரும்பாலும் பதில் 'இல்லை'தான். அமெரிக்காவில் பயணி தன் சொந்தச் சிலிண்டரைக் கொண்டுவரவே முடியாது. திரவ ஒட்சிசனுக்கு எங்கேயும் இடமில்லை. சில கம்பனிகள் முன்கூட்டிச் சொன்னால் தங்கள் ஒட்சிசனைக் கட்டணத்துக்குத் தருகின்றன. அது விமானக் கதவுக்குள் மட்டும். இறங்கி அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நாலு மணித்தியாலத்துக்கு யார் தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில்தான் கையடக்க ஒட்சிசன் செறிவாக்கி உள்ளே வருகிறது. மருந்துக்கடையில் 'போட்டபிள் கொன்சன்ட்ரேட்டர்' என்றால் தெரியும், வீடுகளில் 'ஒட்சிசன் மெசின்'.

2021இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது இந்தப் பெயர் நம் காதுகளுக்குப் பழகியது. அந்த ஓகஸ்ட் மாதம் இந்தியக் கடற்படையின் சக்தி கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனையும், அதே பெயருடைய இலங்கைக் கடற்படைக் கப்பல் சென்னையிலிருந்து 40 தொன்னையும் கொழும்புக்குக் கொண்டுவந்தன. கப்பலில் ஒட்சிசன் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், புலம்பெயர்ந்தவர்கள் பொதிகளில் செறிவாக்கிகளை அனுப்பினார்கள். அவற்றில் பல, 15 கிலோவைத் தாண்டும் வீட்டு மெசின்கள். சுவரில் பிளக் குத்தினால்தான் ஓடும். விமானத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. பயண மெசின் வேறு: சிறியது இரண்டு கிலோவுக்கும் குறைவு, தோளில் மாட்டலாம், பற்றரியில் ஓடும்.

உள்ளே நடப்பது எளிய தந்திரம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைதரசன். மெசின் அறைக்காற்றை இழுத்து, சியோலைற் என்ற நுண்துளைக் கனிமம் நிறைத்த குழாய்க்குள் அழுத்துகிறது. அழுத்தத்தில் நைதரசன் கனிமத்தில் ஒட்டிக்கொள்ள, ஒட்சிசன் தப்பி மறுபக்கம் வருகிறது. அழுத்தத்தை விட்டவுடன் நைதரசன் கழன்று வெளியேறும். ஒரு குழாய் மூச்சுப் பிடிக்கும்போது மற்றது மூச்சு விடும், மாறி மாறி. இம்முறைக்கு எஸ்ஸோ எண்ணெய்க் கம்பனியின் சார்ள்ஸ் ஸ்கார்ஸ்ற்றம் 1960இல் காப்புரிமை பெற்றார். வெளியே வருவது ஏறத்தாழ 90 சதவீத ஒட்சிசன். முக்கியமான விசயம், இதற்குள் ஒட்சிசன் சேமிப்பு என்று எதுவும் இல்லை. வேண்டியபோது வேண்டிய அளவு அங்கேயே பிரித்தெடுக்கப்படுகிறது. வெடிக்க ஒன்றும் இல்லாததால் விமானம் இதை ஏற்றுக்கொள்கிறது.

இதைக் கைப்பைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒரு தரப்பு, கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் படித்துக்கொண்டிருந்த அலிசன் பவர்லைன், பைரன் மையர்ஸ், பிரென்டன் ரெய்லர் என்ற மூன்று மாணவர்கள். அலிசனின் பாட்டிக்கு நாள் முழுக்க ஒட்சிசன் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட, நடமாட்டம் முடங்கிப்போனது. பாட்டியை வீட்டை விட்டு வெளியே கூட்டிப்போக ஒரு வழி தேடி அவர்கள் 2001இல் தொடங்கிய கம்பனிதான் இனொஜன்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005 ஓகஸ்டில் முதன்முதலாக விமானத்துக்குள் செறிவாக்கியை இயக்க அனுமதித்தபோது பட்டியலில் இருந்தவை இரண்டே இரண்டு: எயார்செப் லைஃப்ஸ்ரைல், இனொஜன் வன். 2009 மே மாதத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்துபோகும் பறப்புகளில் ஏற்கத்தக்க செறிவாக்கியை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் விதித்தது. புதுப்புது மெசின்கள் வர வர பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பதே வேலையாகிவிட, 2016இல் பட்டியலை விட்டுவிட்டு வரையறைகளை வைத்தார்கள். வரையறைக்குள் வரும் மெசினில், விமானத்தில் பாவிக்கலாம் என்று தயாரிப்பாளர் உறுதிசெய்யும் வாசகம் சிவப்பு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

இந்தச் சிவப்பு எழுத்தை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். இணையத்தில் மலிவாக விற்கும் சில 'ஒட்சிசன் மெசின்'கள் 30 சதவீத அளவுக்கே ஒட்சிசன் தருகின்றன. நல்ல பயண மெசின் அமெரிக்காவிலேயே 2,000 டொலரைத் தாண்டும், ரூபாயில் பல இலட்சம். அந்த விலைக்கு வாங்க ஏலாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அங்கே வாடகைக்கு எடுத்து, கூட்டிக்கொண்டு போக வரும்போது கையோடு கொண்டுவருவதும் நடக்கக்கூடியதே.

முன்பெல்லாம் இப்படிப் பறப்பது யாருக்கு வாய்த்தது என்று யோசித்தால் ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. நாவலப்பிட்டியில் பிறந்து தமிழ்நாட்டை ஆண்ட எம்.ஜி.ஆர். 1984 நவம்பரில் சென்னை அப்பல்லோவிலிருந்து நியூயோர்க் புரூக்ளின் வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோனது மருத்துவ ஏற்பாடுகளுடன் தனியாக அமர்த்திய விமானம். அவருடைய நோய் வேறு, நிலை வேறு. ஆனாலும் நோயாளி ஒருவர் கடல் தாண்ட வேண்டுமென்றால் ஒரு அரசாங்கமே அசைய வேண்டியிருந்த காலம் அது. இன்று சுவாச நோயாளி ஒருவர் சாதாரண ரிக்கெற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம்.

இனி மெசின் தருவது எவ்வளவு என்ற கேள்வி. சிறிய மெசின்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக ஒட்சிசனை விடுவதில்லை. மூக்குக் குழாய் வழியே ஆள் மூச்சை உள்ளிழுக்கும் கணத்தை உணர்ந்து, அப்போது மட்டும் ஒரு வீச்சுத் தரும். அதில் '2' என்று இருக்கும் எண், வீட்டு மெசினின் நிமிடத்துக்கு 2 லீற்றர் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதுதான் மிகவும் பரவலான தவறு. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குபவரின் மெல்லிய மூச்சைச் சில மெசின்கள் உணராமலே போகலாம். தொடர்ச்சியாக விடும் பயண மெசின்களும் உண்டு, நாலரைக் கிலோவிலிருந்து எட்டுக் கிலோவரை பாரம். எது பொருந்தும் என்பதை மெசினை மாட்டி நடக்கவிட்டு, ஒக்சிமீற்றரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், விற்பனையாளர் அல்ல.

அந்த வைத்தியரைத் தேடி எங்கே போவது? ஈச்சிலம்பற்று வைத்தியசாலை முதல் படி, திருகோணமலைப் பொது வைத்தியசாலையோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ அடுத்தது. சுவாச நோய்க்கென்றே நாட்டில் உள்ள தேசிய வைத்தியசாலை வெலிசறையில், கொழும்பு–நீர்கொழும்பு வீதியில் இருக்கிறது. விமான நிலையத்துக்கும் அந்த வீதியால் போகலாம் என்றாலும், பறக்கிற அன்று எட்டிப் பார்க்கிற இடமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கிழமைகளுக்கு முன்னரே போக வேண்டும். வைத்தியர்கள் நடைமுறையில் ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள்: ஒட்சிசன் 15 சதவீதமாகக் குறைத்த காற்றை இருபது நிமிடம் சுவாசிக்க வைத்து, இரத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. தரையிலேயே விமானத்தை ஒத்திகை பார்ப்பதுதான் இது. எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. இல்லாத இடத்தில் ஓய்வில் உள்ள அளவு, நடந்தபின் உள்ள அளவு, நோயின் தன்மை ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒட்சிசன் எடுப்பவருக்கு மேலே அளவைக் கூட்ட வேண்டிவரும்.

பறக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து தங்கியிருப்பவர்களுக்கு விமானம் ஆபத்து. 8,000 அடியில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும், விரிந்து நுரையீரலை நெரிக்கும். தரையிலேயே நிமிடத்துக்கு 4 லீற்றருக்கு மேல் தேவைப்படுபவரையும் வைத்தியர்கள் பொதுவாக மறித்துவிடுவார்கள். அந்த மறுப்பை மீறிப் பறக்க ஆசை காட்டும் பிள்ளைகள் ஒருமுறை யோசிக்க வேண்டும். நடுவானில் மூச்சு முட்டினால் 'மூதூர் வைத்தியசாலைக்குத் திருப்புங்கோ' என்று சொல்ல முடியாது.

வைத்தியர் சம்மதித்தால் அடுத்தது தாள் வேலை. விமானக் கம்பனிகள் 'மெடிஃப்' என்று ஒரு மருத்துவத் தகவல் படிவம் வைத்திருக்கின்றன. நோய் என்ன, எவ்வளவு ஒட்சிசன், எந்த நேரங்களில், மெசினின் பெயரும் மாதிரியும் என்ன என்றெல்லாம் வைத்தியர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கச் சொல்வது பரவலான விதி. அது கம்பனிக்குப் போதுமான நேரம், வெருகல்காரருக்குப் போதாது. ஒரு கையொப்பம் விட்டுப்போனாலே திருகோணமலைக்கு மறுபடி ஒருநாள் அலைச்சல். ரிக்கெற் எடுக்கும் முன்பே கேட்பதுதான் சரி. இன்னொன்று: கொழும்பிலிருந்து ஒரு கம்பனி, டோகாவில் மாறி மற்றொரு கம்பனி என்றால் இரண்டிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். முதல் கம்பனி ஒத்துக்கொண்டது இரண்டாவதைக் கட்டுப்படுத்தாது.

இப்போது பற்றரி. கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான்.

அமெரிக்க விதி, எதிர்பார்க்கும் பறப்பு நேரத்தின் 150 சதவீதத்துக்குப் போதுமான பற்றரி பயணியிடம் இருக்க வேண்டும் என்று கேட்கக் கம்பனிக்கு இடம் தருகிறது. உலகின் பல கம்பனிகள் இதையே பின்பற்றுகின்றன. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலம். ஒன்றரை மடங்கு என்றால் பதினாறரை. ஒரு பற்றரி நாலு மணித்தியாலம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பற்றரி. நாலு மணித்தியாலம் என்பதும் புதுப் பற்றரியில், குறைந்த அளவில். அளவைக் கூட்டினால் நேரம் சுருங்கும், பழைய பற்றரி இன்னும் சுருங்கும்.

ஆனால் அந்தக் கணக்கு விமானத்தோடு தொடங்கி விமானத்தோடு முடிகிறது. வெருகல்காரரின் பயணம் வளவுப் படலையில் தொடங்குகிறது. சேருநுவர, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கட்டுநாயக்கவுக்கு ஆறேழு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று, நாலு மணித்தியாலம் முன்பே நிற்கச் சொல்வார்கள். இடையில் மாறுகிற விமானம் என்றால் காத்திருப்பு. இறங்கியபின் குடிவரவு வரிசை, அதன்பின் வீட்டுக்குக் கார். இவற்றையெல்லாம் கூட்டினால் 11 மணித்தியாலப் பறப்பு ஒரு முழு நாளாகிவிடுகிறது. விதியில் உள்ள ஒன்றரை மடங்கை நம்பிப் புறப்படுபவருக்கு கட்டுநாயக்கவை எட்டும் முன்பே முதல் பற்றரி போய்விடும். ஆகவே வீதியில் வாகனத்தின் 12 வோல்ட் சொக்கெற்றில் மெசினைச் செருகி ஓட்ட வேண்டும், அதற்கான வயரை மெசினோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் இந்த வசதி கிடையாது. வான் பிடிக்கும்போதே சொக்கெற் வேலை செய்கிறதா என்று சாரதியிடம் கேட்டுவிடுவது நல்லது. விமான நிலையக் கூடங்களில் சுவர் பிளக் பக்கத்தில் இடம் பிடித்தால் பற்றரியைக் கைபடாமல் காப்பாற்றலாம். விமானத்து இருக்கையின் பிளக்கை நம்பக் கூடாது. அது கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் வைத்தது, எந்த நேரத்திலும் நின்றுபோகலாம்.

இத்தனை பற்றரியை அள்ளிப்போட்டுக்கொண்டு போகலாமா என்றால் அதற்கும் எல்லை உண்டு. இவை லிதியம் பற்றரிகள். 2010 செப்டெம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம், ஏற்றியிருந்த லிதியம் பற்றரிச் சரக்கில் பிடித்த தீயால் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். இத்தகைய ஆபத்து இருப்பதால் மேலதிகப் பற்றரி எதுவும் சரக்கறைப் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் மட்டும்தான். உலோக முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒவ்வொன்றையும் தனி உறையில் போட வேண்டும். ஒரு பற்றரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் கம்பனி அனுமதி வேண்டும், அதுவும் மேலதிகமாக இரண்டே இரண்டு. 160ஐத் தாண்டினால் கைப்பையிலும் இடமில்லை. வாட்-மணி அச்சிடப்படாத பற்றரியில் வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கிப் பார்க்கலாம். 14.4 வோல்ட், 6.8 அம்பியர்-மணி என்றால் 97.92. எல்லைக்குள் நிற்கிறது. பெரிய பற்றரி நீண்ட நேரம் ஓடும் என்று ஆசைப்பட்டு வாங்கினால் இரண்டுக்கு மேல் ஏற்ற முடியாமல் போகலாம். சிறியதாகப் பல வாங்குவதே நீண்ட பயணத்துக்கு ஏற்றது.

விமானத்துக்குள் மெசின் முன் இருக்கையின் கீழ் இருக்க வேண்டும், காற்று இழுக்கும் வாயைக் கம்பளியோ பையோ மூடக் கூடாது. அவசரக் கதவு வரிசையில் இடம் தரமாட்டார்கள். மெசின் அலாரம் அடித்தால் பயணிக்கோ கூட வருபவருக்கோ அது கேட்க வேண்டும், என்ன செய்வதென்றும் தெரிந்திருக்க வேண்டும். காது மந்தமான முதியவரைத் தனியே அனுப்பாதிருக்க இந்த ஒரு காரணமே போதும். எண்ணெய்ப் பசையையும் சொல்ல வேண்டும். குளிருகிறது, மூக்கு அடைக்கிறது என்று சித்தாலேப போன்ற பாமையோ தேங்காயெண்ணெயையோ மூக்கைச் சுற்றிப் பூசுவது நம் வழக்கம். செறிவான ஒட்சிசன் பட்டால் அந்தப் பசை எளிதில் தீப்பிடிக்கும். உதடு காய்ந்தால் நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சுக்களை வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புறப்படும்போது சாமிக்குக் கற்பூரம் காட்டி முகத்தருகே தீபத்தைக் கொண்டுவரும் அன்பும் மூக்குக் குழாயோடு இருப்பவருக்கு வேண்டாம். மெசினை நிறுத்திக் குழாயைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்த பிறகே விளக்கின் பக்கம் போகட்டும். வெருகல் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் இதுவே.

திரும்பி ஊருக்கு வரும் பயணத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருளில் கிடந்தது. அந்தக் குரங்கைப் பற்றி எத்தனையோ பகிடிகள் வந்தன. மெசினில் உயிர் வைத்திருந்தவர்களின் வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். லண்டனிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர், பற்றரிகளை இறங்கியவுடன் ஏற்றி வைப்பதோடு, வீட்டில் ஒரு சிலிண்டரையும் முன்னேற்பாடாக வாடகைக்கு எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. 2011இல் வெருகல் பாலம் திறந்த பிறகு ஆற்றை மிதவைப் பாதையில் கடக்கக் காத்திருக்கும் நிலை இல்லை. இரவில் அவசரமென்றாலும் வாகனம் ஓடும்.

கம்பனி மறுத்தால் என்ன செய்வது? 2012 பெப்ரவரியில் கொல்கத்தாவில் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளரை, அவர் பறக்கும் நிலையில் இல்லை என்று கருதி ஒரு விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போய், 2016 மே மாதம் அவருக்குப் பத்து இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு தரும்படி தீர்ப்பு வந்தது. அவருக்கு ஒட்சிசன் தேவையில்லை, நோயும் இல்லை, பார்த்த பார்வையிலேயே மறுத்தார்கள் என்பதே வழக்கு. இலங்கையிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒட்சிசன் விசயத்தில் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் இடையில் நியாயமான கோடு ஒன்று உண்டு. வைத்தியர் கடிதமும் போதிய பற்றரியும் இல்லாதவரைத் தடுக்கும் அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் இருந்தும் 'மெசின் என்றால் ஏலாது' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்புபவரிடம், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் கேட்டவுடன் பல மறுப்புகள் இளகிவிடும்.

இதையெல்லாம் ஒரு பயணி தானாகத் தெரிந்துவைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. திருகோணமலையிலும் மூதூரிலும் வாழைச்சேனையிலும் ரிக்கெற் போட்டுக் கொடுக்கும் முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதானவருக்கு ரிக்கெற் கேட்டு வருபவரிடம் கடவுச்சீட்டை வாங்கும்போதே, "வீட்டில அவர் ஒட்சிசன் எடுக்கிறாரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால், காசை வாங்கும் முன் மெடிஃப் படிவத்தை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.